மீசை முளைக்கும் இடம்

புதன்கிழமை காலை தஞ்சாவூர் அலுவலகத்தில் அப்போதுதான் கணினியைத் திறந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பரிமளா மேடத்தின் தம்பி முருகேசன் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். விடியக்காலை நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." விடுப்பில் ஊருக்குப் போன மேடத்தின் நாற்காலி எதிரே காலியாகக் கிடந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மெடிக்கல் கோடிங் செய்கிறவர்கள். அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்குரிய குறியீட்டைப் போடுவது எங்கள் பிழைப்பு. நானும் அவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். எனக்கு ஒரத்தநாடு, நெல் விவசாயக் குடும்பம். அவருக்குக் கடற்கரை, மீனவக் குடும்பம். வேலை முடிந்தால் நான் டீ குடிக்கப் போவேன். அவரோ கேள்வி கேட்டே உயிரை வாங்குவார்.

சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பு வந்தது. மேலுதட்டில் புற்றுநோய். "உதடுன்னா சி00 வரிசைதானே மேடம்?" என்றேன்.

"அப்படின்னா உதட்டுத் தோலுக்குன்னு தனியா சி44.0 எதுக்கு சார் வச்சிருக்கான்?"

அன்று சாப்பாட்டை மறந்து, கைப்பையிலிருந்த கண்ணாடியில் தன் உதட்டையே ஆராய்ந்தார். சிவப்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "லிப்ஸ்டிக் போடுற இடம் உதடு. மீசை முளைக்கிற இடம் தோல். அவ்வளவுதான் சார்!" குறிப்பில் இடம் தெளிவாக இல்லையென்றால் அவர் ஊகிக்கமாட்டார். எழுதிய மருத்துவரிடமே கேட்டு அனுப்பச் சொல்வார்.

அதன்பின் பேருந்தில் எல்லார் உதட்டையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நடத்துநர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மீசையை முறுக்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பார்வைதான் ஒரு பொங்கலன்று தம்பி முருகேசன் மேல் விழுந்தது. அவர் கடலுக்குப் போகிறவர், அடர்ந்த மீசைக்காரர். சாப்பிடும்போது மீசைக்குள்ளிருந்து ரத்தம் கசிந்தது. உப்புக்காற்று வெடிப்பு என்று மாதக்கணக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம். மீசையை எடுத்துவிட்டுக் காட்டச் சொன்னார் அக்கா. தகப்பன் இருக்கையில் மகன் மீசையை எடுப்பதில்லை. அவர்கள் வீட்டில் அது சாவுக்குச் செய்வது. "அப்பா சாகணும்கிறியாக்கா?" என்று தட்டோடு எழுந்துவிட்டார் தம்பி.

பரிமளா கத்தவில்லை. நேரே அப்பாவிடம் போனார். "அவன் எடுக்கக் கூடாது, சரி. நீங்களே எடுத்துவிட்டா என்னப்பா?"

பெரியவர் யோசித்தார். "அப்படி எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லையேம்மா" என்று பிளேடு கேட்டார். மகனை எதிரே உட்காரவைத்துத் தன் கையாலேயே மழித்தார். உள்ளே, ஓரம் தடித்த, ஆறாத சிறு புண். பயாப்ஸியில் தோலில் வரும் பேசல் செல் புற்றுநோய் என்று வந்தது. பரவுவதற்கு முன்பே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

"சி44.01 சார், உதட்டுத் தோல்ல பேசல் செல்" என்று என்னிடம் சொன்னார். "இப்பல்லாம் கோடு போடும்போது, இவரு யாரோட தம்பியோன்னு தோணுது."

மீசை மறுபடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. அது இப்போது எப்படியிருக்கிறது என்று தெரியாமல் மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு தடவை காட்டுறானா பாருங்க சார்" என்று குறைபட்டுக்கொள்வார்.

அன்று மதியத்துக்குள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். மேடம் திருமணம் செய்துகொள்ளவில்லை. கொள்ளி வைக்கத் தம்பிதான். கொள்ளி வைப்பவர் மீசையை மழிக்க வேண்டும்; அப்பா இருக்கிறாரே என்று மீசையில் கைவைத்தபடி முருகேசன் தயங்கி நின்றார். நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த அப்பா சொன்னார்: "அன்னைக்கு அவ கேட்டா, நான் எடுத்தேன். இன்னைக்கு அவளுக்காக நீ எடுத்துக்கடா."

மழித்த முகத்தோடு முருகேசன் அக்காவின் அருகே வந்து குனிந்தார். மேலுதட்டுக்குச் சற்று மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. பார்க்க வேண்டியவர் கண்மூடிக் கிடந்தார். அவருக்காக நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தாங்க முடியாமல் அழுதேன்.

தோலில்தான் இருக்கிறது, மேடம். நன்றாக ஆறியிருக்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.