சண்டை பிடிக்க ஓர் இடம்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் பெரிய கட்டடங்களை எல்லாம் நான் ஒரே கேள்வியோடுதான் பார்த்தேன். இங்கே உட்கார்ந்து புருசனோடு சண்டை பிடிக்கலாமா?

சென் ஜேம்ஸ் ரவுணில் கணவரின் அண்ணன் வீட்டில் இருந்தோம். இரண்டே அறைகள். அண்ணன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர். எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டெடுத்தவர் அந்த அண்ணன்தான். பிஸ்கற் பக்ரறியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, தனியாக ஒரு அப்பாட்மென்ற் எடுப்போம் என்று நான் வாயைத் திறந்தால் கணவர் சுவரைக் காட்டுவார். அந்தப் பக்கம் இருமினாலே இந்தப் பக்கம் கேட்கும்.

முதலில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய மோலுக்குப் போனோம். மேலே வானம் தெரியும், கீழே நீரூற்று. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் சப்பாத்துப் பார்ப்பதுபோல நின்று நான் தொடங்கியதும் விற்கிற பெண் உதவிக்கு வந்துவிடுவாள். அவளிடம் தப்பினால் ஊர்ச்சனம் யாராவது எதிர்ப்படும், உடனே சிரிக்க வேண்டும். நகரசபையின் வளைந்த இரட்டைக் கோபுரங்களுக்கு முன்னாலும் ஒருநாள் முயன்றோம். குளிரில் வாய் விறைத்து, பாதியில் விட்டுவிட்டேன்.

கடைசியில் கலைக்கூடம் அகப்பட்டது. வாரத்தில் ஒரு பின்னேரம் காசில்லாமல் உள்ளே விடுவார்கள். பனி மூடிய காடும் ஏரியுமாகப் படங்கள் தொங்கிய ஓர் அறையில் உட்கார நீண்ட வாங்கு ஒன்று இருந்தது. பனியை வெளியிலேயே வேண்டிய அளவு பார்க்கலாம் என்பதாலோ என்னவோ, அங்கே ஆட்கள் அதிகம் வருவதில்லை. ஓவியத்தைப் பற்றிக் கதைப்பவர்கள்போல முகத்தை நேரே வைத்துக்கொண்டு, பல வாரங்கள் அங்கேதான் சண்டை பிடித்தோம். ஒரு வாரம் கணவர் வழக்கம்போல இழுத்தார்.

"அண்ணையட்ட எப்பிடிச் சொல்லுறது? நன்றி கெட்டவன் எண்டு நினைப்பார்."

"நினைக்கட்டும். நான் களைச்சுப் போனன். அடுத்த மாசம் நான் தனியா எண்டாலும் போறன்."

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. இந்த ஊரில் தனியாக நான் எங்கே போவேன்?

"சரி, இண்டைக்குச் சொல்லுறன்," என்றார் கணவர், எதிரே தொங்கிய படத்தைப் பார்த்தபடியே. குரலில் உயிரில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ஒருமாதிரிச் சொல்லி முடித்தார். அண்ணன் ரீவியை நிற்பாட்டினார்.

"டோர்செட் பார்க் பக்கம் ஒரு அப்பாட்மென்ற் இருக்கு," என்றார். "கனநாளா மனசில வச்சிருந்தனான். நீ பிழையா நினைப்பாய் எண்டுதான் பேசாமல் இருந்தன்."

இத்தனை வாரமும் மூச்சைச் செலவழித்தது வீண்தானா என்று எரிச்சல் வந்தது. எங்களை அனுப்ப இவருக்கு இவ்வளவு ஆசையா என்று மனமும் நொந்தது.

அண்ணனின் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னார்.

"கோவிக்காதையும். வீடு மாறினாப் பிறகு ஒரு நாளைக்குப் பிள்ளையளை உங்களோட வச்சிரும். இந்த மனுசனோட எனக்குக் கொஞ்சம் கதைக்க வேணும். நீங்கள் வந்த நாளில இருந்து சேர்த்து வச்சிருக்கிறன்."