மூன்று பெயரில் ஒரு நெஞ்சு

நான் எக்ஸ்ரே எடுப்பவள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேனில் போய், தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி நெஞ்சுப் படம் எடுப்பேன். முன்பெல்லாம் நுரையீரலைத்தான் பார்ப்போம். இப்போது அதே படத்தில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கியிருந்தால் கம்ப்யூட்டர் சிவப்பு வட்டம் போட்டுவிடுகிறது. வலியே தெரியாமல் வீங்கும். ஒருநாள் வெடித்தால் ஆள் காலி.

அன்று ஒரே கம்பெனியில் மூன்று பேருக்குச் சிவப்பு வட்டம். படங்களைப் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் இடது தோள் பக்கத்து எலும்பு ஒரே இடத்தில் முறிந்து, ஒரே கோணலாகச் சேர்ந்திருந்தது. அட பாவிகளா, மூன்று பேருக்கும் ஒரே ஆள் வந்து நின்றிருக்கிறார். எல்லாரும் நீல ஏப்ரனும் மாஸ்க்குமாக வந்தார்கள், நிஜம்தான். அதற்காக என் கண் எங்கே போயிருந்தது?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த மூவரையும் பிடித்தேன். தையல் லைனில் டார்கெட் முடியவில்லை, அதனால் ஆளை மாற்றி அனுப்பினோம் என்று ஒப்புக்கொண்டார்கள். யாரை என்று மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவருக்குப் பேஜாராகிவிடுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்ண்ணா. அந்த ஆளு உயிரோட இருக்கணுமா, வேணாமா?"

கேன்டீன் மூலையிலிருந்து, தோல் கட்டு இறக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"நாந்தாம்மா. வண்டில ஏசி ஜில்லுனு இருந்துச்சா, மூணு தபா வந்துட்டேன்."

அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன். உங்கள் படம் எங்கே என்று கேட்டேன்.

"நான் கான்ட்ராக்ட்டும்மா. லிஸ்ட்ல என் பேரே இல்ல."

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அவரைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மேனேஜரிடம் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு, அன்றைக்கே வேலூருக்கு ஸ்கேனுக்கு அனுப்பினேன். வீக்கம் உண்மைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று தோஸ்துகளும் லீவு போட்டு, முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களும் லிஸ்டில் வந்துவிட்டார்கள். அவர் இப்போது பேக்கிங்கில் லேசான வேலையில் இருக்கிறார். வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். வாங்கண்ணா, உள்ளே வாங்க என்றேன். நகரவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா."

கூப்பிட்டேன்.