பிரயோங் குரல் கொடுத்த ஒரே படம்

ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், மாமியாரைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டா போவாள்? நூடுல்ஸ் கடை புன்சீ வாய் கூசாமல் சொல்கிறாள், “எவனோடயோ போயிட்டா, ஆம்பிளைக் குரலை நான் காதால கேட்டேன்” என்று. பிரயோங் கூட்டிக்கொண்டு போனது ஆளை இல்லை, படப்பெட்டியை.

கொராட் நகரத்தில் அவள் புருஷன் தவினும் நண்பர்கள் இருவரும் ஆரம்பித்த சினிமா கம்பெனியின் படம் அது. பொன்னரிசி பிலிம்ஸ். ஒரு கேமரா, ஒரு ஓட்டை லாரி. அப்போதெல்லாம் படச்சுருளில் குரல் கிடையாது. கொட்டகையில் ஓர் ஆணும் பெண்ணும் மைக் முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற படத்துக்கு அங்கேயே பேசுவார்கள். அதனால் படப்பிடிப்பில் யார் எதைப் பேசினாலும் கேட்பாரில்லை. செத்த அம்மாவின் மேல் விழுந்து அழுகிற இடத்தில் கதாநாயகன், “வெயில் மண்டையப் பொளக்குது, சோறு எப்போ” என்று புலம்பித் தள்ளியிருந்தான்.

முதல் காட்சியன்று, ஒத்திகையிலேயே குரல்காரர் எழுந்துவிட்டார். “வசனத் தாள்ல ‘அம்மா’ன்னு ஒரே வார்த்தை. இவன் வாய் அரிசி மில்லு மாதிரி ஓடுது. எனக்கு மானம் இருக்கு தம்பி.” ஜோடிக்காரியும் அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

வெளியே கூட்டம் நெரிந்தது. தவின் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். படக்குழுவுக்குச் சமைத்துப்போட்ட பிரயோங் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் பேசறேன்.”

“ஆம்பிளைக்குமா?”

“உங்க அம்மா மாதிரி பேசினா ஆம்பிளைக் குரல்தான்.”

பேசினாள். சாவுக் காட்சி வந்தது. “வெயில்ல வெந்து எனக்குச் சோறு போட்டியேம்மா, இனி எனக்குச் சோறு எப்போம்மா?” வாயசைவு அச்சாகப் பொருந்தியது. கொட்டகையே விம்மியது. ஐஸ் விற்பவன் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து அழுதான்.

ஊரெல்லாம் அவள் பேச்சாக இருந்தது கூட்டாளிகளுக்குப் பிடிக்கவில்லை. கேமராவை விற்றுப் பிரிந்துபோனார்கள்; படப்பெட்டி தவின் பங்குக்கு வந்தது. கம்பெனி ஒரே படத்தோடு சரி. அந்த நேரம் பார்த்து சுரின் ஊர்க் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது: குரல் கொடுத்த அந்த அம்மாவே வந்து பேசுவதானால் படம் வேண்டும்.

“பெட்டியப் பரண்ல போடு. ஊர் சிரிக்கும்” என்றான் தவின்.

“சிரிக்கட்டும். சிரிப்புக் காட்சியும் ரெண்டு இருக்கே. பரண்ல போட்டா எலிக்கா பேசிக் காட்டறது?”

மறுநாள் மாமியாரைக் கும்பிட்டாள். கையில் படப்பெட்டி, தோளில் துணிப்பை. வாசலைத் தாண்டியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புன்சீ கடைக்குள் புகையில் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிரயோங் நிற்காமல், கதாநாயகன் குரலில் முழங்கிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்:

“அக்கா, சோறு எப்போ?”