பால்ராஜின் இடது கால்

பால்ராஜ் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று ஆவடியில் பிறந்தார். உயரம் ஐந்து அடி நான்கரை அங்குலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். 1968இல் புல்லட் வாங்கினார். 1970இல் சாராளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1984 ஜூன் மாதம் ஏரோப்ளேன் கட்டத் தொடங்கினார். இந்த மூன்றில் எதற்கும் அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

வரைபடம் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்தது. வேலை நடந்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, பழைய கார் ஒன்றின் எஞ்சின், முன்னால் இரண்டு ஸ்கூட்டர் சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். பக்கம் பக்கமாக இருவர் உட்காரலாம். நான் எதிர்வீடு. ஒரு தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே டேப்பும் நோட்டும் என் பொறுப்பு.

பறப்பதற்கு டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். தரையில் ஓட்டிப் பார்க்கத் திருவேங்கடம் சரி என்றால் போதும். அவர் குத்தம்பாக்கத்து விவசாயி. அவருடைய பம்புசெட்டுக்கு பால்ராஜ் ஒரு ஷாஃப்ட் கடைந்து கொடுத்ததிலிருந்து சினேகிதம். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த நிலத்தில், குறுக்கு வரப்புகளைக் கொத்தி எடுத்து, எண்ணூற்று நாற்பது அடி நீளத்துக்கு இடம் விட்டார். வைகாசி பிறந்தால் உழவு. அதுவரைதான் தவணை.

இந்த வண்டியைத் தரையில் திருப்புவது கையால் அல்ல, காலால். இரண்டு பெடல்கள் உண்டு. இடது பெடலை முன்னே தள்ளினால் வால் சக்கரம் திரும்பி வண்டி இடது பக்கம் போகும். வலதைத் தள்ளினால் வலது பக்கம். ஒவ்வொரு பெடலின் தலையிலும் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதுதான் பிரேக். இடது தகடு இடது சக்கரத்துக்கு, வலது தகடு வலது சக்கரத்துக்கு. நேராக நிறுத்த வேண்டுமானால் இரண்டு கால் விரல்களாலும் இரண்டையும் சமமாக அமுக்க வேண்டும்.

1989 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.20. வண்டி அறுநூற்றுப் பத்து அடி நூல் பிடித்தாற்போல ஓடியது. பால்ராஜ் பிரேக் போட்டார். வண்டி இடது பக்கம் திரும்பி வைக்கோல் போருக்குள் புகுந்தது.

ஏப்ரல் 16, மாலை 4.35. ஐந்நூற்றுத் தொண்ணூறு அடி நேராக ஓடியது. பிரேக். இடது பக்கம். எருக்குழி.

திருவேங்கடம் பீடியோடு குழி ஓரத்தில் வந்து நின்றார்.

"இன்னா பால்ராஜி, ஏரோப்ளேன் கட்னியா, எரும கட்னியா? நேராப் போவ மாட்டேங்குது?"

"காத்து தள்ளிடுச்சு அண்ணாத்தே."

"காத்தா? எம் பீடிப் பொகை நட்டுகினு மேல போவுது, காத்தாம்! தோ பாரு. வைக்கப்போரு, அது போனா போவுது. எருக்குழி, கழுவினா போச்சு. எடது பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது கெணறுதான். இன்னும் ஒரே ஒரு வாட்டி உடுவேன். அன்னைக்கும் கோணலாப் போச்சுன்னா இத்த காயலாங்கடைல போட்டுட்டு ஊட்ல குந்து."

அவர் சொன்னால் சொன்னதுதான். அத்தனை நீளக் காலி நிலம் வேறு யாரும் தருவதாக இல்லை. பருத்திப்பட்டில் கேட்டுப் பார்த்தோம். ஏரிக்குள்ளே ஓட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மே 14ஆம் தேதி சித்திரையின் கடைசி ஞாயிறு. அன்றைய ஓட்டத்தில்தான் ஐந்து வருட உழைப்பு நிற்கும் அல்லது எடைக்குப் போகும்.

வண்டியைக் கழுவிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். பால்ராஜ் இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலது சக்கரத்தை இடப்பக்கமும் மாற்றினார். கேபிள்களை மாற்றினார். தெருவில் தள்ளி, உட்கார்ந்து பிரேக் போட்டுப் பார்த்தார். இடது பக்கமே திரும்பியது. நிலம் சரிவோ என்று நான் குத்தம்பாக்கம் போய்த் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்தேன். சரிவு இருந்தது, இரண்டே கால் அங்குலம். ஆனால் வலது பக்கமாக.

மே 7ஆம் தேதி காலை பால்ராஜ் வீட்டு வாசலில் என் செருப்பைக் கழற்றும்போது அவருடைய செருப்பைப் பார்த்தேன். அளவு பார்க்கும் வெர்னியர் என் பையில் இருந்தது. இடது செருப்பின் அடி, கட்டைவிரல் பக்கம் நான்கு மில்லிமீட்டர். வலது செருப்பில் அதே இடம் ஒன்பது மில்லிமீட்டர்.

"இன்னா சார், காலங்காத்தால செருப்ப அளந்துகினு கீறீங்க?" என்றார் சாராள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அது எப்பவும் அப்படித்தான் சார். புல்லட்ல கியரு வலது காலு, பிரேக்கு இடது காலு. நான் பின்னால குந்திகினு ஒரு கத்து கத்துனா போதும், அவரு இடது காலு கடப்பார மாதிரி எறங்கும்."

"ஏரோப்ளேன்ல நான் ரெண்டு காலும்தான் சார் அமுக்குறேன்!" என்று உள்ளேயிருந்து பால்ராஜ் குரல் கொடுத்தார்.

சோதித்துவிடுவோம் என்றேன். வண்டியில் ஏறும்போது அவர் செருப்பு போடுவதில்லை. இரண்டு பிரேக் தகடுகளிலும் சாக்பீஸ் தூளைச் சமமாகத் தூவி அவரை உட்கார வைத்தேன். ஜெப விஷயமாக அவர் போதகரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, சாராள் பக்கத்தில் குனிந்து "மாடு!" என்று அலறினார். பிறகு தகடுகளைப் பார்த்தோம். இடது தகடு துடைத்துவிட்டதுபோல இருந்தது. வலது தகட்டில் ஒரு துகள்கூடக் கலையவில்லை.

பால்ராஜ் தன் இடது காலைத் தூக்கி, அதன் உள்ளங்கால் வெள்ளையை வெகுநேரம் பார்த்தார். "இருபத்தோரு வருசமா எங்கூடயே இருந்துகினு இன்னா வேல பண்ணிக்கீது பாருங்க சார்" என்றார்.

காலுக்குப் பாடம் சொல்லித்தர முடிவாயிற்று. நான்கு நாள், தினம் இருபது முறை சாராள் "மாடு!" என்றார். முதல் நாள் இருபதுக்கு இருபதும் இடது கால் மட்டும். நான்காம் நாள் இருபதுக்குப் பதினேழு. மாலையில் கால் கற்றுக்கொண்டதை, மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது புல்லட் மறக்கடித்துவிட்டது.

"புல்லட்ட வித்துடுங்களேன்" என்றார் சாராள்.

"இன்னா பேச்சு பேசுற நீ? அது உனுக்கே சீனியரு!"

சாராள் அன்று அதற்குமேல் மாடு கத்தவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு முன் பால்ராஜுக்கு அது தோன்றியது. காலை மாற்ற முடியவில்லை, இரும்பை மாற்றலாம். சனிக்கிழமை லீவு போட்டுத் தராசுத் தண்டு போல ஒரு சின்னத் தண்டு செய்தார். அதன் நடுவை இடது தகடு இழுக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களின் பிரேக் கேபிளையும் சமமாக இழுக்கும். இடது கால் ஒன்றே போதும். வலது தகடு எதையும் இழுக்காமல் அப்படியே இருந்தது. "பார்வைக்கு இருக்கட்டும் சார்" என்றார்.

மே 14, மாலை 4.15. பக்கத்து இருக்கையில் சாராள். அவர் வந்தே ஆக வேண்டியிருந்தது. தரையில் ஓடும்போது இந்த வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்பதால் ஓட்டுபவருக்கு நேர் முன்னால் எதுவும் தெரியாது; வெளியே எட்டிப் பார்த்து வழி சொல்ல ஒருவர் வேண்டும். திருவேங்கடம் கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுநூறு அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். அதற்குள் நிற்க வேண்டும்.

வண்டி கிளம்பியது. இருநூறு. நானூறு. ஐந்நூறு அடி தாண்டும்போது திருவேங்கடத்தின் சொந்தப் பசு, முளைக்கயிற்றை இழுத்துக்கொண்டு, சாவகாசமாக நிலத்தின் நடுவுக்கு வந்தது.

சாராள் வெளியே தலையை நீட்டி, "மாடு!" என்றார்.

பால்ராஜ் பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டது இது: அந்த வாரம் எண்பது தடவை கேட்ட வார்த்தை. எண்பது தடவையும் பொய். அவர் தலை அதை நம்பவில்லை. கால் நம்பிவிட்டது.

வால் அரை அடி எழும்பி, தொப்பென்று இறங்கியது. எஞ்சின் அணைந்தது. புழுதி அடங்கியதும் டேப்பைப் பிடித்தேன். ஓடிய தூரம் ஐந்நூற்று எழுபத்தெட்டு அடி. பசுவுக்கும் வண்டியின் மூக்கிலிருந்த விசிறிக்கும் இடையே ஒன்பது அடி இரண்டு அங்குலம். கோணல் இடது பக்கம் நான்கு அங்குலம். பசு விசிறியைப் பார்த்துவிட்டுச் சாணி போட்டது.

திருவேங்கடம் பசுவைத் தட்டிப் பார்த்தார். பிறகு சக்கரத் தடத்தின் முனையில் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, அது வந்த வழியை நெடுகப் பார்த்தார்.

"பால்ராஜி, நான் மொத சால் ஓட்டினா எப்பவும் பாம்பு மாதிரி கீதுன்னு பூங்காவனம் சிரிக்கும். இத்த எவனும் மிதிக்காம பாத்துக்க. காலைல ஏர் பூட்டுறேன்."

பூங்காவனம் அவர் மனைவி. மறுநாள் வைகாசி முதல் உழவு, இடது சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனது. அன்று பூங்காவனம் சிரிக்கவில்லை என்று தகவல்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் சித்திரைக் கடைசி ஞாயிறு திருவேங்கடமே டிராக்டர் அனுப்பி ஏரோப்ளேனை வரவழைத்தார். 1996 வரை எட்டு கோடு போட்டாயிற்று. டெல்லிக்கு மனு எழுத பால்ராஜ் இன்னும் உட்காரவில்லை. எட்டில் ஏழு கோடுகள் ஐந்து அங்குலக் கோணலுக்குள் அடங்கும். 1993இல் மட்டும் ஒரு அடி ஏழு அங்குலம். அன்று சாராள் வரவில்லை.