கழுத்துக் கறுப்பு

என் மகளைப் பார்த்து யாராவது “பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கு” என்று சொன்னால் எனக்கு ஒரு காலத்தில் உச்சி குளிர்ந்துவிடும். அந்த மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் பாராட்ட வேறு எதுவும் இல்லை. தலையிலும் காதுக்குப் பின்னாலும் முழங்கால்களிலும் சிவந்த தடிப்புகள், அவற்றின் மேல் வெள்ளை வெள்ளையாக உதிரும் செதில். காலையில் பாயை உதறினால் தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டும். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்ததை மறைக்க ஏதாவது சொல்லவேண்டுமே என்று கன்னத்தைப் பற்றிச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்தப் பாராட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். நாள் முழுக்க வீட்டில் நானும் அவளும்தான். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கேட் வரைக்கும் வந்து அவளை விளையாடக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் அவர்களுடைய அம்மா வந்தாள். என்னைவிடச் சின்னவள், நல்ல மாதிரிதான்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க லா. அவளுக்கு நல்லாவட்டும், அப்புறம் வெளையாடலாம். சின்னப் புள்ளைங்க, ஒட்டிக்கிச்சின்னா கஷ்டம்” என்றாள்.

இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று கிளினிக்கில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளே வந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். எனக்கு ரோஷம் வந்தால் அப்படித்தான், தண்டனை யாருக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. ஓடி விளையாட வேண்டிய வயதில் என் மகள் கம்பி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளினிக்கில் கொடுத்த களிம்புக்கு அடங்கவில்லை என்று நாட்டு மருந்துக்குப் போனோம். கடைத்தெருவில் ஒருவர் எண்ணெய் கொடுத்து, பத்தியமும் சொன்னார். மீன், கருவாடு, இறால், நண்டு, கோழி, முட்டை, கத்திரிக்காய் எதுவும் ஆகாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டில் மட்டும் மீன் வாசனையே கிடையாது. பிள்ளை சாப்பிடாததை நாங்களும் தொடவில்லை. என் பத்தியத்தில் ஊசி நுழைய இடம் இருக்காது. ஆனால் சோறு, நெய், உருளைக்கிழங்கு, ரொட்டி, இனிப்பான டின் பால் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் சொல்லாததெல்லாம் ஆகும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பாவம், நாக்குச் செத்துக் கிடக்கிற பிள்ளை என்று இரண்டு பங்காகக் கொடுத்தேன். அரிப்பெடுத்து அழுதால் ஒரு கரண்டி டின் பால், சொறிகிற கை நின்றுவிடும். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு அதன் மேல் டின் பாலை ஊற்றி நானே ஊட்டுவேன். ஐந்து வயதிலும் ஊட்டினேன், ஏழு வயதிலும் ஊட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பாள். போதும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏழு வயதில் அவளுடைய பிடரியில் கறுப்பாக ஒரு வளையம் வந்தது. மடிப்பு மடிப்பாக, அழுக்கு படிந்த மாதிரி இருந்தது. கழுத்தைச் சுத்தமாகக் கழுவி அனுப்பும்படி பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு மானம் போய்விட்டது. பயத்தமாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலிக்கிறது என்றாள், பொறுத்துக்கொள் என்றேன். கடைசியில் தோல் உரிந்து, அந்த இடத்திலும் புதிதாகச் செதில் பிடித்தது.

அதைக் காட்டத்தான் பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போனோம். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தவர் தமிழ்ப் பெண், இளம் டாக்டர். தோலைப் பார்த்தார். பிறகு பிள்ளையை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார். பிடரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இது அழுக்கு இல்லக்கா, தேய்க்காதீங்க. உள்ள சர்க்கரை சரியா வேலை செய்யலன்னா கழுத்துல இப்படிக் காட்டும். நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கணும்.”

எடை கூடக் கூடத் தோலும் மோசமாகும் என்றார். பிள்ளையை ஓடி விளையாட விடச் சொன்னார். மீனையும் முட்டையையும் எதற்கு நிறுத்தினீர்கள், இனிப்பையல்லவா நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேட்டார். நான்கு வருடம் நோன்பு மாதிரி நான் காத்த பத்தியம் அது. எனக்குக் கிடைத்துவந்த ஒரே பாராட்டும் அந்தக் கன்னங்கள்தான். இரண்டையும் அந்தப் பெண் ஒரே மூச்சில் பிடுங்கிக்கொண்டாள் என்று தோன்றியது.

“நாங்க தோலுக்குத்தான் வந்தோம், டாக்டர். எம்புள்ள சாப்பிடுறது உங்களுக்கு ஏன் கண்ணை உறுத்துது?” என்று கேட்டுவிட்டேன்.

சட்டைப் பொத்தானைக்கூடப் போட விடாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இறங்கி அவளுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். டாக்டரின் கண் பட்டதென்று பிள்ளைக்குத் திருஷ்டி கழித்த ஒரே தாய் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த ஐந்து வருடமும் போகவில்லை.

இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம், காலணி கடித்து அவளுடைய குதிகாலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறாமல் இருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். நான் வெயில் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை பள்ளித் திடலில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்றார்கள், தினமும் ஊசி போடவேண்டும் என்றார்கள். இதற்கு முன்னால் யாருமே சந்தேகப்பட்டதில்லையா என்று அங்கிருந்த வயதான டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். கட்டிலில் படுத்திருந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வயதில் அந்த இளம் டாக்டர் சொல்லக் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டின் பாலையெல்லாம் தூக்கி எறிந்தேன். புதுப் பத்தியத்தையும் பழைய வெறியோடுதான் பிடித்தேன். சோற்றை அளந்து, மீனும் கீரையும் வைத்து, தட்டை மேசையில் அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பெரிய பெண், இனி எதற்கு ஊட்டவேண்டும் என்று விட்டுவிட்டேன். அவளோ சோற்றை அளைந்துகொண்டே இருப்பாள். ஊசி போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் அரை மணி நேரம் போயும் தட்டு அப்படியே இருந்தது. பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். அன்றைக்கெல்லாம் போதும் என்று சொல்லாமல் தின்றாயே, இன்றைக்கு என்ன கேடு என்று கத்தினேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கும் பசிக்கலம்மா. ஊட்டுறப்ப மட்டுந்தான் நீங்க என் பக்கத்துல உக்காருவீங்க.”

ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்ன வார்த்தையை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் எண்ணெயைப் பழந்துணியில் தோய்த்துத்தான் பிள்ளைக்குத் தடவினேன். அவளுடைய பாயைத் தள்ளித்தான் போட்டேன். மடியில் ஏற வந்தால் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். ஒட்டாது என்று தெரிந்தும் எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் அருவருப்பா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். அதை ஈடுகட்டத்தான் அத்தனை டின் பாலும்.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

“நானே சாப்பிட்டுக்கிறேம்மா” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.