அப்பாவின் பையும் கொழும்பு விமானமும்

எங்கள் அப்பாவுக்கு இலங்கையின் மேல் கோபம். ஒரு மனிதர் ஒரு நாட்டோடு இத்தனை உரிமையாகச் சண்டை போட முடியும் என்பதை, நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷத்தில், மலையாள நாட்டு ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்த வாடகை மாடியில் தினமும் பார்த்தேன். சாயங்காலச் செய்தியில் கொழும்பின் பெட்ரோல் வரிசையைக் காட்டினால் போதும், அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். வருமானம் போதாத வீட்டில் வரியைக் குறைத்தது தப்பு. ஊரெல்லாம் கடன் வாங்கி, விமானமே வராத இடத்தில் விமான நிலையம் கட்டியது அதைவிடத் தப்பு. ஒரே நாளில் உரத்தைத் தடுத்து விவசாயியின் கையைக் கட்டிப்போட்டதை மன்னிக்கவே முடியாது. இத்தனையும் செய்துவிட்டு, பெரிய நாற்காலிகளில் இருந்த ஒருவராவது தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டாரா என்று கேட்கும்போது அவர் குரல் உயர்ந்துவிடும்.

"‘எனக்க தப்பு’ன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலியே!"

அதற்காகப் போராட்டக்காரர்களின் பக்கம் நின்றார் என்று நினைக்க வேண்டாம். அதிபர் மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்து நீச்சல்குளத்தில் குதித்ததைப் பார்த்து, அரசாங்க வீட்டில் ஜட்டியோடு குதிப்பதற்குப் பெயர் புரட்சியா என்று கத்தினார். சமைக்க கேஸ் இல்லாதவன் குளிக்கவாவது செய்யட்டுமே என்று அம்மா அடுக்களையிலிருந்து பதில் சொன்னாள். இங்கே ரேஷன் கடையில் இலவச ஓணக் கிட் கொடுத்தபோதும் "அங்கயும் இப்பிடித்தான் தொடங்கிச்சு" என்று எச்சரித்தார். எச்சரித்துக்கொண்டே அந்தக் கிட்டில் வந்த முந்திரிப்பருப்பு முழுவதையும் தின்றுதீர்த்தவரும் அவர்தான்.

அப்பாவுக்கு விமான நிலையத்தில் வேலை. விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பும் லாரியில் பதினெட்டு வருஷ சர்வீஸ். முதலில் எர்த் வயரை மாட்ட வேண்டும். பிறகு எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இறக்கைக்கு அடியில் குழாயைப் பூட்டலாம். இந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டில் குடிக்கிற தண்ணீரையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பதினெட்டு வருஷத்தில் அவர் பேரில் ஒரு மெமோகூடக் கிடையாது. அதை அவர் சொல்லிக் கேட்டதில்லை, அம்மாதான் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் இலங்கையில் விமானத்துக்கு ஊற்றவும் எண்ணெய் இல்லாமல் போனது. கொழும்பு விமானங்கள் எங்கள் ஊரில் இறங்கி எண்ணெய் பிடித்துக்கொண்டு போயின. பயணிகள் யாரும் இறங்குவதில்லை. ஒரு மணி நேரம் நிற்கும், போய்விடும். முதல் விமானத்துக்கு ஊற்றிவிட்டு வந்த அன்று அப்பா நிமிர்ந்து நடந்ததை என்னால் மறக்க முடியாது. இவ்வளவு திட்டிவிட்டு எண்ணெய் மட்டும் ஊற்றலாமா என்று அம்மா சீண்டினாள். புத்தி சொல்வது வேறு, கஷ்டத்தில் இருப்பவனுக்கு ஊற்றாமல் இருப்பது வேறு என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு நாட்டையே என் அப்பா குழாய் வழியாகக் காப்பாற்றுகிறார் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அந்த நாட்டில் எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. அப்பாவின் ஒரே தங்கையை, என் அத்தையை, கொழும்பில் புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அத்தை மகளுக்கு ஒன்பது வயது. வலிப்பு உண்டு. தினமும் இரண்டு வேளை மாத்திரை போட்டால் ஒன்றும் வராது, போடாவிட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த மாத்திரை கொழும்புக் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. அத்தை ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி அழுதாள். டாக்டர் சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பினாள். அம்மா இங்கே ஒரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி, மூன்று மாதத்துக்கான மாத்திரை வாங்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். அதற்கு முன்பு கூரியரில் அனுப்பிய பார்சல் அங்கே ஏதோ குடோனில் கிடந்தது. மாமாவோ கடையை விட்டு, பெட்ரோல் வரிசையை விட்டு நகர முடியாமல் இருந்தார்.

மாத்திரை இங்கே. கொழும்பு விமானம் அப்பாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில். அம்மா கேட்காமல் இருப்பாளா?

"அந்தப் பைலட்டுக்கிட்டக் குடுத்தா என்ன? உங்க கூடப்பொறந்தவளுக்குத்தானே கேக்கேன்?"

"பிளேனுக்குள்ள என் கையிலேர்ந்து எண்ணெய் மட்டும்தான் போகும். நம்ம ஆளுக்கு மட்டும்னு ஒண்ணொண்ணா வளைச்சுத்தான் அங்க ஒரு நாடே வளைஞ்சு கிடக்கு."

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. எனக்கு அப்பாவின் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. டிவியில் பார்க்கிற ஜனங்களுக்காக ஊருக்குக் கேட்கக் கத்துகிறவர், சொந்தத் தங்கை மகளுக்கு ஒரு பொட்டலம் கொடுக்க மாட்டேன் என்கிறாரே!

நாலாம் நாள் காலையில் அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து, அத்தையின் விலாசத்தை எழுதி, கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். "அன்புள்ள பைலட் அங்கிள்" என்று தொடங்கி, இதை ஏர்போர்ட் வாசலில் என் மாமாவிடம் கொடுக்கவும், அவர் கண்ணாடி போட்டிருப்பார் என்று முடித்தேன். எல்லாவற்றையும் அப்பாவின் பையில் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் செருகினேன். பாத்திரத்தை எடுக்கும்போது பார்ப்பார், விமானம் பக்கத்தில் நிற்கும், மனசு இளகிவிடும். அதுதான் என் திட்டம். வேலைக்குப் போகிறவர்களின் பையையும் வாசலில் மெஷினில் விட்டுப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அன்று அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் எப்போதும் தொங்கும் பாஸ் இல்லை. வாசலில் பிடித்துவிட்டார்கள், விசாரணை முடியும்வரை உள்ளே போகக் கூடாது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் ரிப்போர்ட் போயிருக்கிறது என்று அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"மக்ளே, அந்தப் பிளேன் கொழும்பிலேர்ந்து வருது. இங்க எண்ணெய் பிடிச்சிட்டு ஆஸ்திரேலியா போகுது. உன் மாமா அங்க வந்து நிப்பாரா?"

அம்மாவுக்கும் அது தோன்றவில்லை. சண்டை நடந்த அன்றே இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்திருக்க வேண்டாம், நானும் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் அப்பாவுக்குக் கொள்கைதான் முதலில், பூகோளம் எல்லாம் அப்புறம்.

ஒரு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் படியேறி வந்தார். கையில் ஃபைல்.

"அச்சன் இவிடெ உண்டோ, மோளே?"

அப்பா இருக்கிறாரா என்று மலையாளத்தில் கேட்டார். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நான் முந்திக்கொண்டு, பையில் வைத்தது நான்தான், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரிந்த மலையாளம் எல்லாவற்றையும் சேர்த்து அழுதேன்.

"சாரே, ஞானாணு அது பேகில் வெச்சது! அச்சன் ஒந்நும் அறிஞ்ஞில்லா!"

அவர் விழித்தார். எந்தப் பேக், யாருடைய பேக் என்று கேட்டார். அவர் வந்தது பாஸ்போர்ட் விசாரணைக்கு. அத்தை அழுத நாளுக்கு மறுநாளே அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தார், அம்மாவுக்குக்கூடத் தெரியாமல். அவர் டிவியைத் திட்டிய சாயங்காலங்களிலெல்லாம், தானே மாத்திரையை எடுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிப் போவதற்கான மனு எங்கேயோ ஒரு மேஜையில் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பா போலீஸ்காரரை உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வைத்தது குழந்தைதானே, வாசலிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு, அவள் பேர் எந்த எழுத்திலும் வர வேண்டாம் என்றார். பை என்னுடையது, அதில் இருந்ததும் என் பொறுப்பு, வாசலிலும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்றார். போலீஸ்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார், ஃபைலில் ஏதோ எழுதினார். "நோக்காம்", பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு அன்று அப்பா பெரிய வீரர். போலீஸ் முன்னால் குரல் நடுங்காமல் பேசினாரே என்று அத்தனை பெருமை. அதற்குப் பிறகு பாஸ்போர்ட் வந்து சேரும்வரை அவர் ஏன் தபால்காரர் வரும் நேரமெல்லாம் படிக்கட்டிலேயே நின்றார், அத்தை கூப்பிட்டால் ஏன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நல்ல முடிவுதான். பாஸ்போர்ட் வந்தது. அப்பா டாக்டர் சீட்டும் கடை பில்லுமாக மாத்திரையைக் கொண்டுபோய், அங்கே சுங்கத்தில் காட்டி, அத்தை கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, இலங்கையைப் பற்றி வழக்கம்போல ஆரம்பித்தார். ஆனால் பெட்ரோலுக்காக மழையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் முந்தவில்லை என்பதையும் சொன்னார். வரிசையில் நிற்கத் தெரிந்த ஜனம், எழுந்துவிடும் என்றார். அவருடைய பாஸும் திரும்பக் கிடைத்தது, பதினெட்டு வருஷத்தின் முதல் மெமோவோடு.

இந்த வருஷம் கல்லூரிப் பயணம் ஒன்றுக்காக நானே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், பேரில் கேஸோ ரிப்போர்ட்டோ ஏதாவது உண்டா, இருந்தால் பாஸ்போர்ட் நின்றுபோகலாம் என்றார். இல்லை என்றேன். ஃபைலை மூடிவிட்டார், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் இறங்கிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வாசலில் அன்று "எனக்கு ஒன்றும் தெரியாது, என் மகள் வைத்தது" என்று அப்பா சொல்லியிருந்தால் ரிப்போர்ட்டில் அவர் பேர் வந்திருக்காது, என் பேர் வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தன் பாஸ்போர்ட் விசாரணையில் இருக்கிறது, அது நின்றுபோனால் கொழும்பில் அந்தப் பிள்ளைக்குப் பாதி மாத்திரையும் இல்லை என்று தெரிந்துகொண்டே, குனிந்து தன் பேரை எழுதினார்.