மதியத்தில் அணையும் கேமரா

வான்மதி அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை பார்ப்பவள். நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுப்பாள், இன்ஷூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவாள், பயந்து அழும் குழந்தைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். அவள் கணவர் மகாதேவன் எரிவாயுக் குழாய் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். அறுபதைத் தாண்டியதும் மறதி நோய் பிடித்தது. முதலில் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். பிறகு சொந்தத் தெருவிலேயே காரை நிறுத்திவிட்டு, வீடு எது என்று மனைவிக்குப் போன் செய்து கேட்டார். அன்றோடு அவர் கையிலிருந்த கார் சாவியை அவள் வாங்கி வைத்துவிட்டாள்.

அவள் வேலையை விட முடியாது. இரண்டு பேருடைய மருத்துவ இன்ஷூரன்ஸும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் காலையில் நான் போவேன். முதியோர் இல்லங்களில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்; இப்போது இரண்டு வீடுகளுக்கு மட்டும் போகிறேன். மகாதேவனைக் குளிக்க வைத்து, மதியச் சாப்பாடு கொடுத்து, சோபாவில் உட்கார வைத்து டிவி போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்புவேன். வான்மதி சாயங்காலம் வரும்வரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். கேஸ் அடுப்புக்குக் குழாயையே அடைத்துவிட்டோம். வாசல் கதவைப் பூட்டிப் பார்த்தோம். கை வீங்கும்வரை அதைத் தட்டினார். பூட்டுவதை நிறுத்திவிட்டோம்.

"ஹோமுக்கு அனுப்பலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி. அவர் கட்டின வீடு. நடக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பார்" என்றாள் வான்மதி. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அதற்காகத்தான் கேமராக்கள் வந்தன. மகன் நவநீத் தொலைவில் சன்னிவேல் என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ஒரு வாரக் கடைசியில் வந்து, ஹாலில் புத்தக அலமாரிக்கு மேல் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் கார் நிற்கும் இடத்தைப் பார்த்து ஒன்று என்று மாட்டினான். எல்லாம் பேட்டரியில் ஓடுபவை, வயர் கிடையாது. வான்மதியின் போனில் படம் தெரியும். அவள் பேசினால் கேமராவிலிருந்து குரல் வரும்.

முதல் நாள் அந்தக் குரல் கேட்டதும் மகாதேவன் எழுந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். ஒரு வாரத்தில் பழகிவிட்டார். லஞ்ச் நேரத்தில் அவள் கிளினிக்கின் பின்பக்கம் காரில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவாள்.

"என்னங்க, சாப்டீங்களா?"

"சாப்டேன். பவளம் குடுத்தாங்க. உப்பே இல்ல."

"டாக்டர் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"அவர் வீட்டுலயும் அப்படித்தானா?"

பவளம் நான்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுச் சிரிப்பேன். அவர் புத்தி ஓட்டையாகிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. இதெல்லாம் நான் கிளம்புவதற்கு முன்பு நடப்பது; கடைசியில் என்னோடு பேசித்தான் முடிப்பாள். நான் போனபிறகும் ஒருமுறை கூப்பிடுவாள், அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. அதன்பிறகுதான் தொல்லை.

தொல்லை இதுதான். தினமும் மதியம் கேமரா எல்லாம் ஒன்றாக ஆஃப்லைன் ஆகிவிடும். ஆரம்பத்தில் ஹாலில் சிக்னல் கொஞ்சம் மந்தமாக இருந்தது. நவநீத் தீபாவளிக்கு வந்தபோது மாடியில் இருந்த ரௌட்டரைக் கீழே கொண்டுவந்து, டிவிக்குப் பின்னால் வைத்து, அங்கிருந்த பிளக்கில் சொருகினான். படம் கண்ணாடி மாதிரி ஆனது. ஆனால் அதன்பிறகுதான் மதியத்தில் சுத்தமாகப் போக ஆரம்பித்தது. வான்மதி கிளினிக்கில் இருந்தபடியே மகனைக் கூப்பிடுவாள். அவன் மீட்டிங்கில் இருந்துகொண்டே, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடு என்பான். பாஸ்வேர்டை மாற்றினார்கள். கேமராக்களுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். கேமரா கம்பெனிக்குப் போன் செய்தால், ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் தங்கள் லைனில் பிரச்சனையே இல்லை, கேமராக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒரு ஆள் வந்து கேபிளை மாற்றிவிட்டுப் போனான். அவன் நின்றவரை எல்லாம் நன்றாக வேலை செய்தது.

"தினம் பவர் போகுதுன்னு ரௌட்டர் சொல்லுதும்மா. கரன்ட் கட்டா?" என்று நவநீத் கேட்டான். பக்கத்து வீட்டில் கேட்டோம். அங்கே ஒரு நாளும் போகவில்லை.

சாயங்காலம் வான்மதி வந்து உள்ளே நுழைந்து, வழக்கப்படி கதவோரத்து சுவிட்சுகளைப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் கேமராவும் வந்துவிடும். "பேய் மாதிரி இருக்கு ஆன்ட்டி. நான் வந்தா சரியாயிடுது" என்பாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். "நான் காரைத் திருப்பும்போதே வாசல்ல நிக்கறார் ஆன்ட்டி. தலையெல்லாம் சீவிக்கிட்டு. என் பேரு சில நாள் வரமாட்டேங்குது, என் கார் சத்தம் மட்டும் தெரியுது பாருங்க." மறதி நோயில் ஒலி கடைசிவரை நிற்கும் என்று நானும் சொன்னேன். படித்துத்தான் சொன்னேன். அந்த விஷயத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு நாள் தபால் வண்டிக்காரப் பெண் அவரை வாசலில் கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் கிடக்கக் கண்டாள். அங்கே ஆகஸ்ட் மதியம் வெறுங்காலால் சிமென்டை மிதிக்க முடியாது. வெயில் தாக்கி, உடம்பில் நீர் வற்றி, ஒரு பக்கக் கன்னமும் முழங்கையும் வெந்திருந்தன. ஆம்புலன்ஸ் வந்தது. வான்மதியின் போனில் அப்போதும் ஆஃப்லைன் என்றுதான் இருந்தது. அவள் அதை மறுபடி மறுபடி ரீலோட் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சோஷியல் வொர்க்கர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். இனி இவரைத் தனியே விட்டால் நாங்கள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வான்மதி தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம், "கேமரா மட்டும் வேலை செஞ்சிருந்தா" என்றாள். "நவநீ வரட்டும் ஆன்ட்டி. அதைச் சரி பண்ணிட்டா, நானே பாத்துப்பேன். வெளிய வந்தா அந்த நிமிஷமே சத்தம் போட்டு உள்ள அனுப்பிடுவேன்."

நவநீத் வந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டான். வான்மதி வேலைக்குப் போனாள். லீவு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. கன்னத்துக் காயத்துக்கு மருந்து போட வேண்டியிருந்ததால் அன்று நான் மதியமும் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நவநீத் மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மகாதேவன் சோபாவில் இருந்தார். கேமராவிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கன்னம் எரியுதா?"

"இல்ல."

"நவநீ இருக்கானா?"

"யாரு?"

"சரி, படுத்துக்குங்க. பேஷன்ட் வந்துட்டாங்க. வரேன்."

மகாதேவன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார். ரிமோட்டால் டிவியை நிறுத்தினார். கதவோரம் போய், ஃபேன் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பக்கத்து சுவிட்சையும் அணைத்தார். அறையை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது நம் ஊரில் எல்லா அப்பாக்களும் செய்வதுதான். வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

டிவிக்குப் பின்னால் ரௌட்டரின் பச்சை விளக்குகள் அணைந்திருந்தன.

நவநீத் இறங்கி வந்து அந்த இரண்டாவது சுவிட்சைப் போட்டான், அணைத்தான், போட்டான். அமெரிக்க வீடுகளில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு: சுவரில் இருக்கும் பிளக்கில் மேல் துளை கதவோரத்து சுவிட்சோடு சேர்ந்திருக்கும், விளக்கு மாட்டிக்கொள்ள. கீழ்த் துளையில் எப்போதும் கரன்ட் இருக்கும். ரௌட்டர் மேல் துளையில் இருந்தது. அவன் குனிந்து அதைப் பிடுங்கிக் கீழ்த் துளையில் சொருகினான். தீபாவளியிலிருந்து இருந்த தொல்லை அவ்வளவில் முடிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, ஃபிக்ஸ் பண்ணிட்டேன். ஆப்பை ஓபன் பண்ணு."

"இருடா... வந்துடுச்சு. ஹால் வந்துடுச்சு. கிச்சன் வந்துடுச்சு. ஐயோ, எவ்ளோ க்ளியரா இருக்கு!" அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு நாளாகியிருந்தது. பிறகு, "நவநீ, அப்பா ஏன் வெளிய நிக்கறார்?"

அவன் திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தான்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கேடா. கார் சத்தம்கூட..." அங்கே நிறுத்தினாள்.

"ஹி இஸ் வெயிட்டிங், அம்மா. நீ வரேன்னு சொன்ன இல்ல."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, போய் அவரை உள்ளே கூட்டிவந்தேன். "அவ வரேன்னாளே" என்றார். இன்னும் வேலை முடியவில்லை என்றேன். இந்த நோயில் எதிர்த்துப் பேசக் கூடாது. வேறு எதையாவது கையில் கொடுக்க வேண்டும். பீன்ஸைக் கொடுத்தேன். நறுக்கினார்.

அன்று சாயங்காலம் வான்மதி வந்து காரை நிறுத்தினாள். வாசலில் யாரும் இல்லை. அவர் சமையலறையில் இருந்தார். கார் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை.

அவள் பையைக் கழற்றாமல் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். "தினமும் ஆன்ட்டி. மழையில நனைஞ்சிருந்தார் ஒரு நாள். என்னைப் பாத்து ஓடி வந்தார்னு நினைச்சேன். துண்டெடுத்துத் துவட்டிவிட்டு, வாசல்ல காத்திருந்தார்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னேன்."

நவநீத், "சிம்பிள் அம்மா. நாளைலேர்ந்து பைன்னு சொல்லு" என்றான்.

"போறேன்னு சொல்ல மாட்டேன். உடம்பு முடியாத மனுஷன்கிட்ட."

"போறேன் வேணாம். ஜஸ்ட் பை."

மறுநாள் அப்படியே செய்தாள். ஒவ்வொரு தடவையும் வரேன் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து, அதை விழுங்கி, "பை" என்று சொன்னாள். மகாதேவன் எழுந்திருக்கவில்லை. நவநீத் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அவர் அலமாரி மேலிருந்த கேமராவைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

பதில் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து, "அப்புறம்?" என்றார். வரேன் என்று சொல்லி முடிக்காத பேச்சு அவருக்கு முடியவில்லை. டிவி போட்டோம், பார்க்கவில்லை. தட்டில் பிஸ்கட் வைத்தேன், தொடவில்லை. முகத்தை மேலே தூக்கியபடி, மதியம் முழுக்க, விட்டு விட்டு அதையே கேட்டார். கேமரா நன்றாக வேலை செய்தது. சத்தமும் தெளிவாகப் போனது. கிளினிக்கில் ஒரு கையால் அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொண்டே, ஒரு காதில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் அவளே என்னிடம் வந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல இடம் சொல்லுங்க ஆன்ட்டி. சுத்தமா இருக்கணும். அடிக்கக் கூடாது" என்றாள். சொன்னேன்.

இடம் கிடைத்த அன்று நானும் கூடப் போனேன். நல்ல அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். பெட்டியைப் பிரித்து, சட்டைகளை அடுக்கி, சீப்பை அவர் பையிலேயே வைத்தாள். கிளம்பும் நேரம் அங்கிருந்த உதவியாளர் பெண் எங்களைத் தனியே அழைத்து, போகும்போது சொல்லிக்கொள்ளாதீர்கள், சாப்பிடும்போது மெதுவாக நழுவிவிடுங்கள், சொன்னால் கலவரப்படுவார் என்றாள்.

வான்மதி என் பக்கம் திரும்பினாள். "சொல்லிக்காம எப்படி ஆன்ட்டி வர்றது?"

"அவ சொல்றது சரிதான்" என்றேன். எத்தனையோ குடும்பங்களுக்கு நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கிண்ணத்தில் வாழைப்பழப் புட்டிங் வந்தது. அவர் ஸ்பூனை எடுத்தார். வான்மதி நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தாள். கதவு வரை போனாள். அவர் நிமிரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அந்தக் கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. போகலாம் என்றேன், அவள் நகரவில்லை.

அவர் புட்டிங்கை முடித்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார். யாரும் அவரிடம் வரேன் என்று சொல்லவில்லை. எழுந்து சுவரோரம் போய் சுவிட்சை அழுத்தினார். அந்த மாதிரி இடங்களில் நோயாளிகள் இருட்டில் விழாமலிருக்க விளக்கை அறைக்கு வெளியேதான் கட்டுப்படுத்துவார்கள். உள்ளே இருப்பது வெறும் பொம்மை சுவிட்ச். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். வெளியே போவதற்கு முன் அதை அணைத்தாக வேண்டும் அவருக்கு.

உதவியாளர் பெண் உள்ளே போய் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

திரும்பும் வழியில் வான்மதி டோல் ரோட்டில் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். எப்போதும் அங்கே, கியரை மாற்றும்போதே "வரேன் ஆன்ட்டி" என்பாள். அன்று கியரில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரி ஆன்ட்டி. பை."

"போயிட்டு வா" என்று எனக்கு வந்துவிட்டது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனாள்.